1937இன் இரண்டு சட்டங்கள்: குடிநோயும் சிறையும் நம் மக்களும்



அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு என்றால் அரசியல் சட்டம், இடஒதுக்கீடு, மதமாற்றம் ஆகியவற்றைப் பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு சாயர்புரத்தில் கூடியிருக்கும் நாம், மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பேசப்போகிறோம். குடித்ததற்காக, குடித்துவிட்டுச் செய்ததற்காக, ஒரு பொட்டலம் கஞ்சா வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போகிறவர்களில் நம்மவர் பலர். அவர்கள் போதையிலிருந்து மீள உதவும் வழி சட்டத்தில் எப்போது திறந்தது, நடைமுறையில் ஏன் திறக்கவில்லை என்பதே இன்றைய பேச்சு.

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. முன்பு இதே மேடையில் பறையடித்த தோழர் ஒருவர் இன்று நம்மோடு இல்லை. குடும்பத்தாரின் விருப்பப்படி அவர் பெயரைச் சொல்லவில்லை. உப்பளத்தில் உப்பு வாரிச் சுமந்தவர். ஒரு சாவு வீட்டில் போதையில் நடந்த கைகலப்பில் கைதாகி, ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் நான்கு மாதம் உள்ளே இருந்தார். அந்த நான்கு மாதமும் அவர் குடிக்கவில்லை. விடுதலையான அன்று பஸ்ஸில் தனியாக ஊர் திரும்பினார். இறங்கிய இடத்தில் அவருக்காகத் திறந்திருந்தது மதுக்கடை ஒன்றுதான். மூன்றாவது வாரம் அவரை அடக்கம் செய்தோம். அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஓர் அக்கா கேட்டார்: “இன்னைக்கு வந்த கூட்டத்துல நாலு பேரு அன்னைக்கு செயில் வாசலுக்குப் போயிருந்தா இவன் செத்திருப்பானா?” அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் தேடிப் போனபோது கண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

சுண்ணாம்பு பிரித்த இரண்டு கலயங்கள்

நாம் கூடியிருக்கும் இந்த ஊர், சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயரைத் தாங்கியது. 1842இல் இங்கே வந்த ஜி.யு. போப் பள்ளி நடத்தியதும் தமிழ் கற்றதும் நமக்குத் தெரிந்த கதை. அந்தக் கதைக்கு அடியில் இன்னொரு கதை இருக்கிறது. இது தேரி மண்ணும் பனையும் உள்ள வட்டாரம். பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவர் ஒருவர். சுண்ணாம்பு மட்டும்தான் வித்தியாசம்.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இந்த வித்தியாசத்தை அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், உரிமம் இல்லாமல் இறக்கினால் வழக்கு. குடிப்பது குற்றமாக இருக்கவில்லை. வரி கட்டாமல் குடிப்பதுதான் குற்றமாக இருந்தது. சாராயமும் கள்ளும் சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு தந்த காலம் ஒன்று இருந்தது. கூலி வாங்கிய கையிலிருந்து அந்தப் பணம் கடைக்கும், கடையிலிருந்து ஏலதாரருக்கும், அவரிடமிருந்து கஜானாவுக்கும் போனது. குடியை வருவாயாகப் பார்க்கும் அரசு, குடிக்கிறவரின் உடம்பை நோயாளியின் உடம்பாகப் பார்க்காது. இந்தப் பார்வை வெள்ளையரோடு கப்பல் ஏறிவிடவில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

1937ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டப் பட்டியலை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் மூன்றாவது சட்டம், 1936ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் ஒருவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கி, நன்னடத்தை அலுவலர் ஒருவரின் பொறுப்பில் ஊரிலேயே விடலாம் என்றது அது. ஒரு மனிதர் மாறக்கூடியவர், மாறுவதற்கு இன்னொரு மனிதரின் துணை வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

அதே ஆண்டின் பத்தாவது சட்டம் சென்னை மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு என விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறையானது. காய்ச்சுவது, விற்பது, வைத்திருப்பது மட்டுமல்லாமல் குடிப்பதும் குற்றமானது.

மதுவிலக்கால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதை மறுப்பது நம் நோக்கமல்ல. நம் கேள்வி வேறு. இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று பேசியிருக்க வேண்டியவை. குடித்ததால் பிடிபட்டவரை நன்னடத்தை அலுவலரிடமும், அலுவலர் அவரை மருத்துவரிடமும் சேர்த்திருக்கலாம். மூன்றாவது சட்டம் திறந்த வாசல் வழியாகப் பத்தாவது சட்டத்தில் சிக்கியவர்கள் வெளியே வந்திருக்கலாம். ஆனால் மதுவிலக்குக்குத் தனிப் போலீஸ், தனிச் சோதனை, தனி வழக்கு எண் எல்லாம் பெருகின. நன்னடத்தை வாசலில் சில அலுவலர்களும் நிறையக் கோப்புகளும் மட்டுமே இருந்தன.

நோயாளி யார், குற்றவாளி யார்?

மதுவிலக்கு முழுமையாக இருந்த காலத்திலும் சிலர் சட்டப்படியே குடித்தார்கள். உடல்நலக் காரணம் காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வழி இருந்தது. பேச்சு வழக்கில் அதற்குப் ‘பெர்மிட்’ என்று பெயர். டாக்டரின் சான்றும் கட்டணமும் படிவம் நிரப்பும் படிப்பும் உள்ளவருக்குக் குடி ஓர் உடல்நிலை. இவை எதுவும் இல்லாதவருக்கு அதே குடி ஒரு குற்றம். கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வரப்பில் விழுந்து கிடந்த விவசாயக் கூலிக்குப் பெர்மிட் வாங்க எந்த டாக்டர் சான்று எழுதியிருப்பார்? குடிநோயை நோய் என்று இந்த அரசு அறியாமல் இல்லை. யாருக்கு அது நோய் என்பதில்தான் வர்க்கமும் சாதியும் குறுக்கே நின்றன.

நம் மக்களின் குடியை நம் மக்களின் குணமாகப் பேசுவது சாதிச் சமூகத்துக்கு வசதியானது. பிணவறையில் உடலை அறுக்கச் சொல்லும்போதும், மலக்குழியில் இறங்கச் சொல்லும்போதும், சுடுகாட்டில் இரவெல்லாம் காத்திருக்கச் சொல்லும்போதும் வேலை சொன்னவரே ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்த வழக்கத்தை அது பேசாது. நாற்றத்தைத் தாங்க, அருவருப்பை மறக்க, கூலியின் ஒரு பகுதியாகச் சாராயம் கொடுக்கப்பட்டது. உப்பளத்தில் கண்கூசும் வெயிலில் நாள் முழுக்க நின்று, காலில் உப்புப் புண்ணோடு வீடு திரும்புகிறவர் வலியை மறக்க என்ன செய்கிறார் என்று இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சாதி கொடுத்த வேலை குடியைக் கொடுத்தது. குடி வழக்கைக் கொடுத்தது. வழக்கு மறுபடியும் அதே வேலைக்குத் தள்ளியது.

பிறகு மதுவிலக்கு ஊசலாடியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023-24ஆம் ஆண்டில் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். விற்பது அரசு, குடித்தவரைப் பிடிப்பதும் அரசு. 1886இன் கணக்குப் புத்தகம் புது அட்டை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். டாஸ்மாக் விலை கட்டுப்படியாகாதவர்கள். பத்தே நாளில் சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் காய்ச்சி விற்றவருக்கு ஆயுள் தண்டனையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் என்றானது. தண்டனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த வேகம், அந்தத் தெருக்களில் உயிர் பிழைத்தவர்களின் குடிநோயைக் குணப்படுத்துவதில் இல்லையே என்று கேட்கிறோம். சாராயத் தொழிலை விட்டுவிட்டவர்கள் கறவை மாடு வாங்கவோ சிறுகடை வைக்கவோ மறுவாழ்வு நிதி தரும் திட்டம் தமிழக அரசிடம் உண்டு. நல்ல திட்டம்தான். விற்றவருக்கு அரசின் கோப்பில் மறுவாழ்வு இருக்கிறது. குடித்துச் சிறைபோனவருக்கு?

சட்டத்தில் எழுதியிருக்கிறது

இருக்கிறது, தோழர்களே. எழுத்தில் இருக்கிறது. மாணவர்கள் இந்த மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, 1958ஆம் ஆண்டின் மத்தியக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் நான்காவது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், நீதிமன்றம் ஒருவரை நன்னடத்தைப் பிணையில் விடலாம். 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு ஆறாவது பிரிவு தடை வைக்கிறது. அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும். பிணையில் விதிக்கத்தக்க நிபந்தனைகளில் ஒன்றாகப் போதையைத் தவிர்த்தல் என்பதையும் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குடியை விட வேண்டும் என்று எழுதி வாங்க இடம் உண்டு. விடுவதற்கு யார் உதவுவது என்பது அங்கே எழுதப்படவில்லை. கை நடுங்குகிறவரிடம் ‘குடிக்க மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கினால் போதுமா?

இரண்டாவது, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 39ஆவது பிரிவு. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி எனத் தீர்ப்பான போதைநோயாளியை, அவர் சம்மதித்தால், சிறைக்குப் பதிலாக அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம். கஞ்சாவைப் பொறுத்தவரை சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. 

மூன்றாவது, அதே சட்டத்தில் 1989இல் சேர்க்கப்பட்டுப் பின்னர் 2001இல் திருத்தப்பட்ட 64ஏ பிரிவு. அத்தகைய குற்றத்துக்கு ஆளான போதைநோயாளி தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

இந்தக் கடற்கரையிலிருந்து இலங்கைக்குப் போதைப்பொருள் கடத்தும் பாதையில் சிக்குகிறவர் யார் என்று செய்தித்தாளில் பார்க்கிறோம். கடத்தலை நடத்துகிறவர் அல்லர். ஓர் இரவுக் கூலிக்கு மூட்டை சுமந்த பையன். சுமந்ததில் கொஞ்சம் தானும் பழகிக்கொண்ட பையன். பெரிய அளவில் பிடிபட்டவருக்கு இந்தப் பிரிவுகள் உதவாது. ஆனால் ஒரு பொட்டலத்தோடு பேருந்து நிலையத்தில் பிடிபட்ட மாணவனுக்கு உதவும். அவனுடைய அம்மாவுக்கு 64ஏ தெரியாது. ‘ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிரும்’ என்று யாரோ சொல்ல, அவன் ஒத்துக்கொள்கிறான். வழக்கு முடிகிறது. பழக்கம் தொடர்கிறது. அடுத்த முறை அவன் பழைய குற்றவாளி.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. பட்டியல் சாதியினரும் காவலில் இருப்பவர்களும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். போதைக்கு ஆளானவர்களுக்கு என்றே தேசிய ஆணைக்குழு 2015இல் தனித் திட்டமும் வகுத்தது. நம் கையில் உரிமைகள் இல்லாமல் இல்லை. உரிமைக்கும் மனிதருக்கும் இடையில் கைபிடித்து அழைத்துப் போக ஆள் இல்லை.

கண்காணிப்பும் கைகொடுத்தலும்

நன்னடத்தை, மேற்பார்வை, சீர்திருத்தம் என்ற சொற்களைக் கேட்டவுடன் நம் மக்கள் ஒதுங்கிப்போவதற்குக் காரணம் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம், 1911இன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் முழுவீச்சில் நடைமுறையானது. நம் கிராமங்களில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். குழந்தை பிறந்த சமூகத்தை வைத்தே அதைக் குற்றவாளியாக்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்து, குடியிருப்புகளில் அடைத்து அதைச் ‘சீர்திருத்தம்’ என்றார்கள். 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுவதும் அது நீங்கியது. அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. மேற்பார்வை என்ற பெயரில் இங்கே பெரும்பாலும் நடந்தது கண்காணிப்பு.

சிறைக்குள்ளும் இதே கதைதான். இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். மக்கள் தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர், சிறையில் ஐந்தில் ஒருவர். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்த வழக்கம் உயர் நீதிமன்றம்வரை போனது. மோதலைத் தவிர்க்கவே அப்படிச் செய்வதாக அரசு சொன்ன காரணத்தை அந்த நீதிமன்றம் ஏற்றது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்க மறுத்து, சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளைச் செல்லாதவை என்றது. மலம் அள்ளும் வேலையைச் சாதி பார்த்துப் பங்கிடும் இடத்தில், மருத்துவ உதவி மட்டும் சாதி பார்க்காமல் வந்துசேரும் என்று எப்படி நம்புவது?

ஆகவே நாம் கேட்கும் இணைப்பு, இன்னொரு கைரேகைப் பதிவேடாக மாறக்கூடாது. சிகிச்சை மையம் என்ற பெயரில் கட்டிப்போட்டு அடிக்கும் இடங்கள் நம் மாநிலத்திலும் அவ்வப்போது பிடிபடுகின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோயின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. மனநலச் சிகிச்சை தரும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நோயாளியின் மாண்பு காக்கப்பட வேண்டும். மீட்பு என்பது சம்மதத்தோடு நடப்பது. சம்மதம் இல்லாத மீட்பு வேறு பெயரில் ஒரு சிறை.

உடம்பு சொல்லும் நேரக்கணக்கு

குடிநோய் முற்றியவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? ஆறு மணி நேரம் கழித்துக் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும், இடமும் காலமும் குழம்பும். உரிய மருத்துவம் இல்லையென்றால் உயிரே போகலாம். இந்த நேரக்கணக்கைக் கைதின் நேரக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கைநடுக்கம் லாக்கப்பில். வலிப்பு, ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் வழியிலோ சிறையின் முதல் இரவிலோ. பிதற்றல், உள்ளே போன மூன்றாம் நாள். பயந்து நடுங்குகிறவரை ‘நடிக்கிறான்’ என்று சொல்வதற்கும் ‘நோயாளி’ என்று சொல்வதற்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. இதற்கான மருந்துகள் அரிதானவை அல்ல, மலிவானவை. முதல் மருத்துவப் பரிசோதனையில் ‘தினமும் குடிப்பீர்களா, கடைசியாக எப்போது குடித்தீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டாலே பல உயிர் தப்பும்.

உள்ளே போகும் நாளைப் போலவே வெளியே வரும் நாளும் ஆபத்தானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரத்தில் அவர்களுக்கு மரண அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம். முதல் காரணம், போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்தது. சிறையில் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மனமோ பழைய அளவையே கேட்கும். மது வேறு, ஹெராயின் வேறு. ஆனாலும் தனியே விடப்படும் அந்த முதல் சில நாட்கள் இரண்டுக்கும் பொதுவானவை. நம் தோழரின் மூன்று வாரமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

இது தீர்க்க முடியாத பிரச்சினை அல்ல. டெல்லியில் போலீசாரே முன்வந்து தொடங்கிய நவஜோதி, காவல் நிலையங்களை ஒட்டிப் போதைமீட்பு மையங்களை நடத்தியது. திகார் சிறையில் 2008இல் அபினி வகைப் போதைக்கு மாற்று மருந்துச் சிகிச்சை தொடங்கியது. போர்ச்சுகல் 2001 முதல், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவை வைத்திருந்தவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக மூவர் குழுவிடம் அனுப்புகிறது. தமிழ்நாட்டிலேயே, சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1980களின் இறுதியிலிருந்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. நகரத்து மருத்துவமனைக்குப் போக முடியாத கூலித் தொழிலாளி, தன் ஊர்க்காரர்கள் நடுவில், தன் குடும்பத்தின் துணையோடு மீள முடியும் என்று அந்த முகாம்கள் காட்டின. ஆனாலும் இந்திய அளவில் நிலைமை இதுதான்: எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அந்த ஒருவர் சேரியிலிருந்தும் சிறையிலிருந்தும் வந்தவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

நம் மரபும் நம் தவறும்

மதுவுக்கு எதிரான போராட்டம் நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை முன்வைத்தபோது, மது அருந்தாமை அதில் ஒரு சீலம். ரெட்டமலை சீனிவாசன் சட்டசபையில் மதுக்கடைகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் தந்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீ பரவி 1993இல் ஆந்திரத்தில் சாராயமே தடையானது. நம் பெண்கள் டாஸ்மாக் வாசலில் நின்று வாங்கிய அடிகளும் இந்த மரபில் வருபவை.

இந்த மரபை நாம் பெருமையோடு ஏற்கிறோம். ஆனால் இதை நாம் பாதிதான் புரிந்துகொண்டோம். மதுவைத் துறப்பது சுயமரியாதை என்றார்கள் நம் முன்னோர். நாமோ, துறக்க முடியாதவர் சுயமரியாதை அற்றவர் என்று முடிவு கட்டிவிட்டோம். கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்தவரை வெளியேற்றினோம். வழக்கில் சிக்கியவரைப் பற்றி ‘அமைப்புக்குக் கெட்ட பெயர்’ என்று கவலைப்பட்டோம். சாதி வன்கொடுமையில் அடிபட்டவருக்காக மறியல் செய்த நாம், போதை வழக்கில் உள்ளே இருந்தவருக்கு ஒரு மனுக்கூடப் போடவில்லை. புத்தர் சீலத்தோடு சங்கத்தையும் கொடுத்தார். தனியே கடைப்பிடிக்க முடியாததைச் சேர்ந்து கடைப்பிடிக்கத்தானே சங்கம்? நாம் சீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கத்தை விட்டுவிட்டோம்.

செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்பவை பெரிய சலுகைகள் அல்ல. காவலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் போதைப் பழக்கம் பற்றி மருத்துவர் கேட்டு எழுத வேண்டும். விடுதலைச் சிறைவாசியின் கையில், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் அவர் போக வேண்டிய நாளும் நேரமும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். அவர்கள் கோப்பைப் பார்ப்பவர்களாக மட்டும் இல்லாமல் ஆளைப் பார்ப்பவர்களாக இருக்க வேண்டும். மதுவால் வரும் பணத்தில் ஒரு பங்கு, குடிநோய்ச் சிகிச்சைக்கென்று வட்டார அளவில் ஒதுக்கப்பட வேண்டும். கருணாபுரம் போன்ற குடியிருப்புகளுக்கு மஞ்சக்குடி போன்ற முகாம்கள் வர வேண்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. சட்டம் படிக்கும் மாணவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களாகச் சேரலாம். 39, 64ஏ பிரிவுகளை எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக்கி நீதிமன்ற வளாகத்திலும் சேரிகளிலும் கொடுக்கலாம். சமூகவியல் மாணவர்கள் ஒரு நீதிமன்றத்தின் ஓராண்டுச் சிறு வழக்குகளை எடுத்து, இந்தப் பிரிவுகள் எத்தனை முறை பயன்பட்டன என்று எண்ணிப் பார்க்கலாம். நம் போராட்டத்துக்கு அந்த எண் தேவை. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்களை ஒவ்வொரு படிப்பகத்துச் சுவரிலும் எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. இந்தப் பேரவை இன்று ஒரு முடிவெடுத்திருக்கிறது. நம் வட்டாரத்திலிருந்து சிறை சென்றவர் விடுதலையாகும் நாளில், குடும்பம் சம்மதித்தால், நம்மில் இருவர் வாசலில் நிற்போம். முன்பே குடியை விட்டவர் ஒருவர் அந்த இருவரில் இருப்பார். ஏனெனில் அந்தப் பஸ் பயணம் எப்படிப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும். ஊர் வந்து இறங்கும்போது கடையைத் தாண்டிக் கூட்டிப்போவோம். அன்று இரவு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். மறுநாள் மருத்துவமனை வரிசையில் கூட நிற்போம். மறுபடி குடித்துவிட்டால் மறுபடியும் போவோம். குடிநோய் திரும்பித் திரும்பி வரும் நோய். ஒருமுறை தவறியவரைக் கைவிடுவதற்கு நமக்குச் சட்டமும் வேண்டாம், சங்கமும் வேண்டாம்.

1937இல் திறந்த அந்த வாசல் இத்தனை ஆண்டுகளாக ஆளில்லாமல் கிடக்கிறது. அதில் போய் நிற்க வேண்டியவர்கள் நாம். சுடுகாட்டு வழியில் அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இனிமேல் நாம் சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான்.